லிப்ஸ்டிக் பாம் வாடினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

"அக்கா, இதுக்கு என்ன நடந்தது?" என்று வாட்ஸப்பில் ஒரு படம் வரும். படத்தில் கருகிய இலை நுனி ஒன்று மட்டும் இருக்கும். அது எந்த இலை, சட்டி வீட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது, என்ன தண்ணீர் விடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு வருடமாக லிப்ஸ்டிக் பாம் (palm) என்ற, தென்னை இனத்து அலங்கார மரப் புதர் ஒன்றை வைத்திருக்கிறேன். அந்த ஒரே தகுதியில் சொந்தக்காரருக்கும் தெருக்காரருக்கும் நான் பாம் வைத்தியர் ஆகிவிட்டேன். அந்த ஒன்று தப்புவதற்கு முன்னர் மூன்று முறை தோற்றவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை காய்ந்ததால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மரத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். இலைக்காம்பும், தண்டின் மேற்பகுதியைச் சுற்றி நிற்கும் மட்டை உறையும் பளிச்சென்ற சிவப்பு. அதற்கு மேலே கரும்பச்சை இலை. கறுவாத்தோட்டத்து மதில்களுக்குப் பின்னாலும் ஹோட்டல் வாசல்களிலும் பார்த்திருப்பீர்கள். தாவரவியலில் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. 1838இல் புளூமே வைத்த பெயர். கடித உறையில் முத்திரை வைக்கும் அரக்கின் நிறத்தை வைத்து ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் 'அரக்குப் பனை' என்றால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொழும்பில் கன்று விற்பவரிடம் போய் 'அரக்கு' என்று வாய் திறந்தால் அவர் சிங்களத்தில் சாராயத்தை நினைத்துச் சிரிப்பார். ஆகவே லிப்ஸ்டிக் பாம் என்றே இருக்கட்டும்.

தாய்லாந்தின் தெற்கு, மலாயாத் தீபகற்பம், சுமாத்திரா, போர்னியோ, இவைதான் இதன் சொந்த இடங்கள். மலாய்க்காரர் 'பினாங் ராஜா' என்பார்கள், ராஜ கமுகு. உக்கிய இலையும் மரமும் அடுக்கடுக்காகக் கிடக்கும் சதுப்புக் காட்டில், தேயிலைச் சாயம் போலக் கறுத்த புளிப்புத் தண்ணீரில் கால் நனைய நிற்பது அங்கே இதற்குச் சாதாரணம். உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, குளிர் இல்லை. வேர் காய்கிற நாளும் இல்லை.

எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். நாங்கள் எல்லோரும் தென்னை வைத்த கை. என் மாமனார் யாழ்ப்பாணத்தில் தென்னம்பிள்ளை வைக்கும்போது குழியில் உப்புப் போட்டுத்தான் வைப்பார். தென்னை கடற்காற்றைத் தாங்கும், காரமண்ணைச் சகிக்கும், இரண்டு மாதம் மழை இல்லாவிட்டாலும் முகம் சுளிக்காது. லிப்ஸ்டிக் பாமும் அதே குடும்பம்தான், ஆனால் குணம் நேர் எதிர். என்னிடம் வந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் தென்னை வைத்தியத்தால் கெட்டவை.

அறிகுறிக்குப் போக முன்னர் ஒரு விஷயம்: நோய் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். குருத்திலும் அதற்கு அடுத்த இலையிலும் என்றால் வேர், சுண்ணாம்பு, இரும்புச்சத்து பற்றி யோசிக்க வேண்டும். அடி இலையில் மட்டும் என்றால் பெரும்பாலும் பொட்டாசியமும் மக்னீசியமும். எல்லா இலையிலும் நுனி மட்டும் என்றால் உப்பு அல்லது காய்ந்த காற்று. எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் குருத்து, அடி இலை, சட்டியின் அடிப்பாகம் என்று மூன்று படம் அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

கொழும்பில் நான் அதிகம் காண்பது இதுதான். என் முதலாவது பாம் செத்ததும் இதில்தான், அதனால் விபரமாகவே சொல்கிறேன்.

வீட்டுக்குக் குடிவந்த புதிதில் வாசலுக்கு அழகாக இருக்கட்டும் என்று பெரிய சீமெந்துச் சட்டி ஒன்று வாங்கினேன். வார்த்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கன்றை அதில் வைத்து நாலாவது மாதம் புதிதாக விரிந்த இலை எலுமிச்சம்பழ நிறத்தில் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடு கோடாக நின்றன. அடி இலைகள் நல்ல பச்சை. மாமி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, தென்னைக்குப் போடுற டொலமைட் கொஞ்சம் போட்டுப் பாரன், மஞ்சள் போயிடும்" என்றா. போட்டேன். அடுத்த இலை இன்னும் வெளிறி வந்தது. அதற்கடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை, ஓரமெல்லாம் கருகல்.

பிறகு சட்டியைக் கவிழ்த்தபோது உள் சுவரில் நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் பொருக்கு. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கியிருக்கிறது. காரமண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. பழைய இலையில் இருக்கும் இரும்பை மரம் புது இலைக்கு மாற்றவும் மாட்டாது. அதனால்தான் புதியது மட்டும் வெளிறுகிறது. டொலமைட்டும் சுண்ணாம்பு இனம். எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

சோதனை எளிது. சட்டி மண் ஒரு கரண்டி எடுத்துக் காயவைத்து, சமையலறை வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் காரம் அறவே இல்லை என்று அர்த்தமில்லை; ஆனால் நுரைத்தால் வேறு யோசனை தேவையில்லை.

நிலத்தில் வைத்தவர்களும் தப்பியதாக நினைக்க வேண்டாம். கொழும்பே சதுப்பு நிலத்தில் எழும்பிய நகரம். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம்கூடக் கிடைத்தது. அந்தச் சதுப்பை நிரப்பித்தான் எத்தனையோ காணிகள் வந்தன, நிரப்பியது பெரும்பாலும் கட்டட இடிபாட்டால். ஒரு அடி தோண்டினால் செங்கல் துண்டும் சாந்துக் கட்டியும் வரும். மதில் ஓரத்தில் வைத்த பாம் மட்டும் மஞ்சளாக நின்றால் மதிலுக்குச் சாந்து பூசினவரின் மிச்சத்தைத் தோண்டிப் பாருங்கள்.

திருத்துவது: மரத்தை வெளியில் எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணை மழைத்தண்ணீரில் மெதுவாகக் கழுவி, புதுக் கலவையில் பிளாஸ்டிக் சட்டிக்கு மாற்றுங்கள். வேரை இழுத்துப் பிரிக்காதீர்கள், இது வேர் குழம்பினால் மாதக்கணக்கில் கோபித்துக்கொள்ளும் சாதி. சீமெந்துச் சட்டிதான் வேண்டுமென்றால் அதில் தண்ணீர் நிரப்பி, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றி, ஒரு மாதம் ஊறவைத்துவிட்டு, உள்ளே தார்ப் பூச்சோ பெயின்டோ அடித்துப் பாவியுங்கள். இலைக்குக் கிலேட் இரும்புக் கரைசல் (செடி எடுக்கக்கூடிய வடிவில் விற்கும் இரும்பு) தெளித்தால் கொஞ்சம் தெளிவு வரும், ஆனால் சுண்ணாம்பு இருக்கும்வரை அது தலையிடிக்குப் பனடோல் போலத்தான். ஏற்கெனவே வெளிறிய இலை முழுப் பச்சைக்குத் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த குருத்து எப்படி வருகிறது என்பதே தீர்ப்பு.

சுண்ணாம்பே இல்லாமலும் இதே மஞ்சள் வரலாம். தண்டின் அடியில், வேர் கிளம்பும் இடம் எங்கே என்று விரலால் துழாவுங்கள். அது மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் கிடந்தால் கன்றை மிக ஆழமாக நட்டிருக்கிறார்கள். மூச்சுவிட முடியாத வேருக்கும் இரும்பு எடுக்க வராது. மேல் மண்ணை அகற்றினால் போதும்.

நல்லூரில் இருக்கும் என் மச்சாளும் ஆசைப்பட்டு ஒன்று கொண்டுபோனா. மாரிக்கு மழைத்தண்ணீரில் நன்றாக நின்றது. தை பிறந்த பின் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினா. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரியும். கேத்திலுக்கு நடப்பது சட்டி மண்ணுக்கும் நடந்தது.

நுனி மட்டும் கருகல்

ஒரு பக்க இலைகள் மட்டும் கருகி மறுபக்கம் நன்றாக இருந்தால் கடல். காலி வீதிக்குக் கீழே, கடற்கரைப் பக்கம் இருக்கும் தொடர்மாடிகளில் மேற்குப் பார்த்த பல்கனியில் இந்த மரத்தை வைத்து வெற்றி கண்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிவது போலவே இலையிலும் படியும். கட்டடத்தின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் வேறு மரம் வையுங்கள். தினமும் இலை கழுவுவேன் என்று சொல்கிறவர்கள் இரண்டாம் கிழமை கழுவ மாட்டார்கள்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவு கருகினால் உப்பு உள்ளேயிருந்து வருகிறது. பசளை கூடியிருக்கலாம், கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கலாம். பலர் கவனிக்காதது தும்புத்தூள். சதுப்பு மண்ணுக்கு மாற்றாக எங்கள் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் நல்ல பொருள் அது. ஆனால் கரையோரத்தில் உவர்த்தண்ணீரில் மட்டை ஊறவைத்து எடுத்த தும்பென்றால் தூளோடு உப்பும் வரும். வாங்கி வந்த தூளைச் சாக்கோடு வாளியில் ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் கடும் கோப்பி நிறத்தில் வரும். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு பாவித்தால் பயமில்லை.

ஏசி அறையில் நிற்கும் மரம் நுனி கருகினால் அதற்கு மருந்து ஏசி இல்லாத அறை.

அடி இலையில் செம்மஞ்சள் புள்ளிகள்

பழைய இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட கடதாசி போல ஒளி ஊடுருவும் மஞ்சள், செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்து, நுனியிலிருந்து காய்ந்து வந்தால் பொட்டாசியம் போதாது. புள்ளி இல்லாமல் ஓரத்தில் அகலமான மஞ்சள் பட்டையும் நடுவில் பச்சையும் இருந்தால் மக்னீசியம். கொழும்பில் வருடத்துக்கு 2400 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது; சட்டியில் போட்ட சத்து கானுக்குள் போய்விடும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, அசிங்கமாக இருக்கிறது என்று அந்த இலையை வெட்டுவது. வெட்டாதீர்கள். மரம் அந்தப் பழைய இலையிலிருந்துதான் பொட்டாசியத்தை உருவிப் புது இலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டினால் அடுத்த இலையில் கை வைக்கும். பண்டிகைக்கு முன் தோட்டம் துப்புரவாக்க வந்தவர் என் புதரில் ஏழு இலையைச் சீவிவிட்டார். அடுத்த மாதம் அதற்கு மேல் வரிசையில் அதே புள்ளிகள் ஏறி வந்தன. இலை முழுதாகக் காய்ந்து தவிட்டு நிறமானதும் தானே கழன்று விழும்.

மக்னீசியத்துக்கு டொலமைட் வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். எப்சம் உப்பு ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. பொதுவான பசளைக்கு அல்பேர்ட் கரைசலைப் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவில் பாதிக்குக் கரைத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை விடுகிறேன். அடுப்புச் சாம்பல் காரம், முட்டைக்கோது சுண்ணாம்பு. இரண்டும் இந்தச் சட்டிப் பக்கமே வரக்கூடாது. தேயிலைச் சக்கை கொஞ்சம் மேலே தூவலாம். சீனியும் பாலும் சேர்ந்த சக்கையைக் கொட்டினால் எறும்பு வரும்.

புதர் முழுக்கத் தொய்கிறது

இரண்டு நேர் எதிரான காரணங்கள், ஒரே தோற்றம். சட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

இலேசாக இருந்தால் தாகம். தும்புத்தூள் ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றியது சட்டியின் சுவரோரமாக வழிந்து கீழே வந்துவிடும், நீங்களும் ஊற்றிவிட்டதாக நிம்மதியாகப் போவீர்கள். சட்டியோடு வாளியில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள். மாசி மாதத்து வெயிலில் இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தாலே இந்த நிலை வரலாம்.

கனமாக இருந்து, மண்ணை மூக்கருகே கொண்டுபோனால் கூழ்முட்டை நாற்றம் வந்தால் வேர் அழுகல். "சதுப்பு மரமென்று சொன்னீங்களே, தண்ணீரில் எப்படி அழுகும்?" என்று கேட்பார்கள். சதுப்புக் காட்டு நிலம் பஞ்சு போன்றது, மழையோடு தண்ணீரும் மாறிக்கொண்டிருக்கும். நாங்கள் வைப்பதோ கபுக் என்ற செம்மண்ணும் அரைகுறையாக உக்கிய மாட்டுச் சாணமும் கலந்த களியில். அது இறுகிச் சாணம் புளித்து, வெயிலில் நிற்கும் கறுப்புச் சட்டிக்குள் அவிகிறது. ஈரம் வேறு, புளித்த சேறு வேறு. அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அவற்றை வெட்டிவிட்டு, கழுவிய தும்புத்தூள் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய இலைக்குப்பை ஒரு பங்கு கலந்து வையுங்கள். அடுத்த குருத்து அசையும்வரை பசளை கிடையாது. நிழலில் வைக்கவும்.

அப்படியானால் தட்டில் தண்ணீர் விட்டு வைக்கலாமா? மரத்துக்கு நல்லது, கொழும்பில் உங்களுக்கு நல்லதல்ல. எனக்கு இந்தப் பாடம் ஒரு டெங்கு காலத்தில் கிடைத்தது. தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தார். பூச்சட்டிக்குக் கீழே இருந்த தட்டைச் சாய்த்து, டோர்ச் அடித்து, "அம்மா, இது என்ன நீந்துது, பாருங்கோ" என்றார். காற்புள்ளி அளவில் பத்துப் பதினைந்து புழுக்கள் நெளிந்து கீழே போயின. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வரை போகக்கூடிய விஷயம். அவர் நல்ல மனுஷன், எச்சரித்துவிட்டுப் போனார். வெட்கம் எனக்குத்தான்.

அன்றிலிருந்து நான் வைக்கும் முறை இரட்டைச் சட்டி. வெளியே பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதன் சுவரில் அடியிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் விரல் மொத்தத்தில் ஒரு ஓட்டை. உள்ளே மரம் நிற்கும் ஓட்டைச் சட்டி. இரண்டுக்கும் இடைவெளியில் ஓட்டைக்கு மேலே இரண்டு அங்குலம் வரை பருமணல். தண்ணீர் மூன்று அங்குலம் நிற்கும், ஆனால் மணலுக்குள்ளே நிற்பதால் நுளம்புக்கு முட்டையிடத் திறந்த தண்ணீர் இல்லை. கிழமைக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு வாளி விட்டு, பழைய தண்ணீர் ஓட்டையால் வழிந்து போகச் செய்கிறேன். உப்பும் புளிப்பும் அதோடு போகும். மழைக்கு மணல் சரிந்து ஓரத்தில் குழி விழுந்தால் நிரப்பிவிடுங்கள், இரண்டு அங்குலக் குழியே போதும் நுளம்புக்கு. இடம் உள்ளவர்கள் நுளம்புப் புழுவைத் தின்னும் கப்பி மீன் விட்ட தொட்டியில் சட்டியைப் பாதி அமிழ்த்தியும் வைக்கலாம். சும்மா தட்டுத்தான் என்றால் கிழமைக்கு ஒருமுறை கொட்டுவதோடு உட்சுவரைத் தும்பால் தேய்த்தும் கழுவ வேண்டும்; டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

சிவப்பு வரவில்லை

கன்றுக்கு இரண்டு மூன்று வயதுதான் என்றால் பொறுங்கள். சிறுவயதில் காம்பு மங்கிய பச்சையாகவோ தவிட்டுச் சிவப்பாகவோதான் இருக்கும். தண்டு திரண்டு மட்டை உறை உருவாகும்போதுதான் நிறம் ஏறும். வயது போதியும் மங்கலாக இருந்தால் வெளிச்சம் போதாது. ஆனால் நிழலில் நின்றதை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குத் தள்ளாதீர்கள். இலையில் சாக்குக் கட்டியால் தேய்த்தது போல வெள்ளைத் திட்டு விழும், அது வெயிற்காயம். மூன்று நாலு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். விதைக் கன்றுகளில் சில செம்மஞ்சளாகவே நின்றுவிடுவதும் உண்டு, அது நோயல்ல.

வருடங்கள் போயும் தண்டு மஞ்சளாகவே இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது லிப்ஸ்டிக் பாமே இல்லாமல் இருக்கலாம். என் இரண்டாவது பாம் அப்படித்தான். ஒரு கன்றுக் கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கி, மூன்று வருடம் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றி வளர்த்தது கடைசியில் கலியாண மண்டபங்களில் வரிசையாக நிற்கும் மஞ்சள் தண்டுப் பாம். சிறு கன்றில் இரண்டும் கூட்டமாக முளைத்து ஒன்றுபோலத் தெரியும். வாங்கும்போது குறைந்தது ஒரு காம்பாவது சிவந்திருக்கும் கன்றைக் கேளுங்கள். விலை கூடும், இது ஆமை வேகத்தில் வளர்வதால் நாலடி உயரத்துக்குப் பின்னால் யாரோ ஒருவரின் பல வருட வேலை இருக்கிறது.

குருத்து கையோடு வருகிறது

நடுக்குருத்தை மெதுவாக இழுத்தால் சொத்தென்று கழன்று, அடியில் அழுகி நாறினால் குருத்தழுகல். பெருமழைக்குப் பிறகு, அல்லது யாரோ குருத்தை வளைத்துக் காயப்படுத்திய பிறகு வரும். தென்னையில் இது வந்தால் மரமே போய்விடும். இது புதராக வளர்வதால் அந்த ஒரு தண்டுதான் போகும். அழுகியதை எடுத்துவிட்டு, குழிக்குள் பாமசியில் வாங்கும் மூன்று வீத ஐதரசன் பெரொட்சைட் கொஞ்சம் விடுங்கள், நுரைத்து அடங்கும். நுரை குறையும்வரை இரண்டு நாளைக்கு ஒருமுறை. மழை உள்ளே விழாமல் மூடி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் புதுக் குருத்து கிளம்பாவிட்டால் அந்தத் தண்டை அடியோடு வெட்டி, வெட்டிய கத்தியைக் கொதிதண்ணீரில் கழுவுங்கள்.

குருத்தழுகல் இல்லாமல், விரிந்த இலை கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போல இருந்தால் கருவண்டு, தென்னையைக் குடைகிற அதே ஆள். பக்கத்தில் உக்கிய தென்னங்குற்றியோ சாணக்குவியலோ இருக்கும், அங்கேதான் அது குடும்பம் நடத்துகிறது.

இன்னொன்று. உயரம் கூடிவிட்டது என்று தண்டின் தலையைச் சீவி "கிளைக்க" விடும் ஆட்கள் இருக்கிறார்கள். பாம் தண்டுக்கு உச்சியில் ஒரே ஒரு வளரும் முனைதான். அதைச் சீவினால் அந்தத் தண்டு அத்தோடு சரி.

இலையில் வெள்ளைப் பஞ்சு, கறுப்புப் பூச்சு

மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, அல்லது அண்மைய வருடங்களில் தென்னைகளைப் படாதபாடு படுத்திய வெள்ளை ஈ. அவை கழிக்கும் இனிப்பில் கரும்பூஞ்சணம் படிந்து இலை கரிச்சட்டி போலாகும். சவர்க்காரக் கரைசலை இலையின் அடிப்பக்கம் துணியால் துடைத்து, அரை மணித்தியாலம் கழித்துக் கழுவுங்கள். அந்த இனிப்புக்காக எறும்பு இவற்றைக் காவல் காக்கும், ஆகவே எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது.

மலைநாட்டில் வளரவில்லை

நுவரெலியாவில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். இது 15க்குக் கீழே போனாலே வாடத் தொடங்குகிற மரம். பெரியம்மா கேட்டாலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

பிரித்து வைத்த கன்று சாகிறது

பக்கக் கன்று நிறைய வருகிறதே, பிரித்து நாலு பேருக்குக் கொடுக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வாழைக்குட்டி போல நினைத்து மண்வெட்டியால் பிளந்தால் குட்டியும் சாகும், தாயும் ஒரு வருடம் முடங்கும். என் மூன்றாவது பாம் போனது இந்தத் தாராள குணத்தால். செய்வதானால் பொறுமையாக: சொந்த வேர் விட்ட கன்றாகப் பார்த்து, தாயோடு ஒட்டிய இடத்தை மட்டும் கத்தியால் அறுத்துவிட்டு, அசைக்காமல் அப்படியே நாலைந்து மாதம் விடுங்கள். அதன் குருத்து தொடர்ந்து வளர்ந்தால் மாரி தொடங்கும் ஐப்பசியில் மண்ணோடு எடுத்து, இலையில் பாதியைக் குறைத்து, நிழலில் வையுங்கள். இவ்வளவு செய்தும் பாதி தப்பினால் கெட்டிக்காரர்.

விதைதான் நல்ல வழி. சிவந்த காம்புகளில் காய்த்து, பழுத்ததும் கறுக்கும், சிறு மணி அளவு. காய்ந்த விதை முளைக்காது. பறித்த அன்றே சதையைக் கழுவி, ஈரத் தும்புத்தூளில் அரை அங்குலம் புதைத்து, மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டியில் வெயில் நேரே படாத சூடான இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டு முளைக்கும், மீதி ஐந்தாம் மாதம்வரை இழுத்தடிக்கும். கிண்டிப் பார்க்காதீர்கள்.

விதை தேடும்போது சொல்கிறேன்: ஈர நிலத்துச் சிறு பாம் என்றால் எங்கள் நாட்டுக்கே உரியது ஒன்றும் இருக்கிறது. சிங்களத்தில் லெனதெரி, தாவரவியலில் அரேக்கா கொன்சின்னா, கமுகின் தங்கச்சி. தென்மேல் ஈரவலயத்தில் மட்டும் வளரும், இப்போது அருகிவிட்டது. அதைக் காட்டிலிருந்து யாராவது தோண்டி வந்து விற்றால் வாங்காதீர்கள். காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்திலிருந்து எந்தப் பாம் கன்றையும் காரின் பின்னால் போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். 2006இல் வெலிகமவில் கண்டுபிடித்த தென்னை இலை வாடல் நோயால் அங்கிருந்து பாம் இனக் கன்றுகளை வெளியே கொண்டுவரக் கட்டுப்பாடு இருக்கிறது.

முளைத்த கன்றை இரண்டாவது இலை விரிந்த பின் தனிச் சட்டிக்கு மாற்றுங்கள். சின்னச் சட்டி, அதே கலவை, நிழல். முதல் வருடம் பசளை வேண்டாம். மாற்றும்போது விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கன்று இன்னும் அதிலிருந்துதான் சாப்பிடுகிறது.